வலிக்குத் தலைல கரண்ட் வச்சுக்கிட்டேன்: என் ரெண்டு ரவுண்டு அனுபவம்

எனக்கு வலி ஆரம்பிச்சு ஒன்பது வருஷம், அதுக்கு ஃபைப்ரோமயால்ஜியான்னு பேர் கிடைச்சு ஏழு வருஷம். நடுவுல இருக்குற அந்த ரெண்டு வருஷமும் ரத்த டெஸ்ட், எக்ஸ்ரே, எம்ஆர்ஐன்னு ஒவ்வொண்ணா எடுத்து எல்லாத்துலயும் நார்மல்னு வரும், அந்த நார்மலைப் பார்த்து வீட்ல எல்லாரும் நிம்மதியாயிடுவாங்க, நான் மட்டும் பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டு அழுவேன், எல்லாம் நார்மல்னா சீப்பைத் தூக்கி தலை வார முடியலையே அது என்னன்னு யாராச்சும் சொல்லுங்களேன்னு. கடைசில ஒரு வாதநோய் டாக்டர்தான் உடம்புப் படம் போட்ட பேப்பரைக் கொடுத்து, போன ஒரு வாரத்துல எங்கெங்க வலிச்சுதோ அங்கெல்லாம் டிக் போடச் சொன்னாரு. மொத்தம் 19 இடம், நான் 14 போட்டேன். தூக்கம், சோர்வு, மறதி எல்லாம் கேட்டு எழுதிக்கிட்டு, இது உங்க கற்பனை இல்லம்மா, வலியைப் படிக்கிற நரம்பு மண்டலத்துக்கே உணர்திறன் ரொம்பக் கூடிப் போயிருக்கு, தசையிலயோ எலும்புலயோ தேடினா கிடைக்காதுன்னு சொன்னாரு. அன்னைக்கும் அழுதேன், ஆனா அது வேற அழுகை.

மாத்திரைகள் பத்தி நீட்ட விரும்பல. டுலாக்ஸெடின் கொஞ்சம் கை கொடுத்துச்சு, இன்னும் எடுக்குறேன். ப்ரீகாபாலின்ல கால் வீங்கி, பகல் முழுக்க மப்பா இருந்து, கிளாஸ்ல பாடம் நடத்தும்போது பாதி வாக்கியத்துல என்ன சொல்ல வந்தேன்னே மறந்து நின்னுருக்கேன், 30 பிள்ளைங்க என் முகத்தையே பார்த்துக்கிட்டு இருக்கும். டாக்டர்கிட்ட சொல்லி மெதுவா குறைச்சு நிறுத்தினோம். அப்படி ஒரு கட்டத்துலதான் வலி கிளினிக்ல டிடிசிஎஸ் பத்தி பேச்சு வந்துச்சு. முழுப் பேரு ட்ரான்ஸ்கிரேனியல் டைரக்ட் கரண்ட் ஸ்டிமுலேஷன், அதாவது மண்டை ஓட்டைத் திறக்காம, ஊசி போடாம, தலைக்கு மேல ரெண்டு ஈரமான ஸ்பாஞ்ச் வச்சு ரொம்பக் குறைஞ்ச நேர்மின்சாரத்தை 20 நிமிஷம் விடுறது.

வீட்ல சொன்னதும் அம்மா ஆடிப் போயிட்டாங்க. என் பொண்ணுக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு ஷாக் வைக்கிறதுக்குன்னு ஒரே அழுகை. இந்த பயம் நிறைய வீட்ல வரும், அதனால நான் அம்மாவுக்கு எப்படி சொல்லிப் புரிய வச்சேன்னு இங்கயும் சொல்லிடறேன். ஷாக் ட்ரீட்மென்ட்னு நாம சொல்ற ஈசிடில மயக்க மருந்து கொடுத்துட்டு சாதாரணமா 800, 900 மில்லிஆம்பியர் வரைக்கும் சில செகண்ட் விடுவாங்க, அங்க வலிப்பு வரவைக்கிறதுதான் நோக்கமே (அதுவும் பல பேருக்கு உயிரைக் காப்பாத்துற சிகிச்சைதான், அதைக் கேவலமா பேசக் கூடாது). எனக்கு வச்சது 2 மில்லிஆம்பியர். 400 மடங்கு கம்மி. முழிச்சுக்கிட்டு, சேர்ல உக்காந்துக்கிட்டு, பக்கத்துல இருக்குறவங்ககிட்ட பேசிக்கிட்டே எடுத்துக்கலாம். அந்த 2 மில்லிஆம்பியர்லயும் பெரும்பங்கு தோல் வழியாவே சுத்திப் போயிடும், மண்டை ஓட்டைத் தாண்டி மூளைக்குப் போறது கொஞ்சம்தான். டிஎம்எஸ்னு காந்தம் வச்சு செய்யுற இன்னொரு முறை இருக்கு, அதுல மூளை செல் உண்மையாவே தூண்டப்பட்டு கட்டைவிரல் துடிக்கும், இதுல அப்படி எதுவும் கிடையாது, செல்லோட ஓய்வு நிலை மின்னழுத்தத்தை லேசா நகர்த்தும், அதனால அந்த செல் வேலை செய்யறதுக்குக் கொஞ்சம் சுலபமாகும், அவ்வளவுதான். அம்மா எல்லாத்தையும் கேட்டுட்டு, சரி நானும் கூட வர்றேன்னாங்க. முதல் நாள் வந்து கையைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தாங்க.

எனக்கு இருந்த சந்தேகம் வேற. வலி உடம்பு பூரா இருக்கு, இவங்க கரண்ட் வைக்கப் போறது மோட்டார் கார்டெக்ஸ், அதாவது கை காலை அசைக்கச் சொல்லி உத்தரவு போடுற இடம், அங்க வச்சா வலி எப்படிக் குறையும்? டாக்டர் சொன்ன பதில் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. 1991-ல ஜப்பான்ல சுபோகாவான்னு ஒரு நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணரும் அவரோட குழுவும், பக்கவாதம் மாதிரி மூளை பாதிப்புக்கு அப்புறம் வர்ற மோசமான வலி இருந்தவங்களுக்கு மண்டையைத் திறந்து இந்த மோட்டார் கார்டெக்ஸ் மேலயே எலக்ட்ரோடு வச்சுத் தூண்டிப் பார்த்திருக்காங்க, வலி குறைஞ்சிருக்கு. மோட்டார் கார்டெக்ஸ்ல இருந்து மூளைக்குள்ள ஆழத்துல இருக்குற தலாமஸ்ங்குற பகுதிக்கும், மூளைத்தண்டுல வலியை அமுக்குற பகுதிக்கும் தொடர்பு இருக்கு, அந்த வழியை உசுப்பி விடுறதுதான் விஷயம்ங்குறாங்க. அப்புறம் 2000-ல ஜெர்மனியோட கோட்டிங்கன்ல நிட்ஷே, பவுலஸ்னு ரெண்டு பேர், தலைக்கு வெளிய இருந்து வைக்கிற சின்ன கரண்டாலயே மோட்டார் கார்டெக்ஸோட தூண்டல் தன்மையை மாத்த முடியும், கரண்ட்டை நிறுத்தின பிறகும் அந்த மாற்றம் சில நிமிஷம் நிக்குதுன்னு காட்டினாங்க. 2006-ல ஃபெலிப்பே ஃப்ரெக்னி குழு 32 ஃபைப்ரோமயால்ஜியா பெண்களுக்கு அஞ்சு நாள் வச்சுப் பார்த்து, மோட்டார் கார்டெக்ஸ்ல வச்சவங்களுக்கு வலி குறைஞ்சதா எழுதினாங்க. 32 பேர்ங்குறது சின்ன எண்ணிக்கை, அது எனக்கும் தெரியுது, ஆனா என்னை மாதிரியே 32 பேர்னு படிச்சப்போ தனியா இல்லைன்னு ஒரு தெம்பு வந்துச்சு.

இப்போ நான் யார் கேட்டாலும் முதல்ல சொல்ற விஷயத்துக்கு வர்றேன். ஆரம்பிக்கிறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே ஒரு நோட்டு போடுங்க. எங்க கிளினிக்ல அதைக் கட்டாயமா செய்யச் சொன்னாங்க, அப்போ எனக்கு எரிச்சலா இருந்துச்சு, ஒன்பது வருஷமா வலிக்குது இன்னும் ரெண்டு வாரம் எழுதிப் பார்த்துத்தான் நம்புவீங்களான்னு. இப்போ நினைச்சா அந்த நோட்டு இல்லைன்னா இந்த சிகிச்சை எனக்கு என்ன செஞ்சுதுன்னு எனக்கே தெரிஞ்சிருக்காது. வலி மாதிரி ஞாபகத்துல பொய் சொல்ற விஷயம் வேற இல்ல, இன்னைக்கு நல்லா இருந்தா போன வாரமும் பரவாயில்லைன்னு தோணும், இன்னைக்கு மோசமா இருந்தா வாழ்நாள் பூரா இப்படியேதான்னு தோணும். நான் எழுதினது நாலே விஷயம்தான். ராத்திரி படுக்கும்போது அன்னைக்கு சராசரி வலி 0-ல இருந்து 10-க்குள்ள எவ்வளவு, எத்தனை மணி நேரம் தூங்கினேன், எத்தனை நிமிஷம் நிக்காம நடந்தேன், அன்னைக்கு செய்யணும்னு நினைச்சு வலியால செய்யாம விட்ட ஒரு வேலை. இந்த நாலாவதுதான் தங்கம். எனக்கு ரெண்டு வார சராசரி வலி 7.1. நடை 8 நிமிஷம்.

முதல் செஷன்ல பாதி நேரம் அளக்குறதுலயே போச்சு. மூக்கு மேட்டுல இருந்து பின்மண்டை எலும்பு வரைக்கும் டேப் வச்சு, அப்புறம் ஒரு காதுல இருந்து இன்னொரு காது வரைக்கும் வச்சு, ரெண்டும் நடுவுல சந்திக்கிற உச்சியைக் குறிச்சு, அங்கிருந்து காதுக்குக் காது தூரத்துல 20 சதவீதம் இடது பக்கம் இறங்கி மார்க்கர்ல புள்ளி வச்சாங்க. அதுதான் சி3ங்குற இடம். ப்ளஸ் ஸ்பாஞ்ச் அங்க, மைனஸ் ஸ்பாஞ்ச் வலது புருவத்துக்கு மேல. ஒவ்வொண்ணும் 5க்கு 7 சென்டிமீட்டர், உப்புத் தண்ணில நனைச்சது, ரப்பர் பட்டை போட்டு இறுக்கிக் கட்டினது. வலி ஒரு பக்கம் மட்டும் இருந்தா அதுக்கு எதிர்ப்பக்கத்து மூளைல வைப்பாங்க, எனக்கு உடம்பு முழுக்கங்குறதால இடது பக்கம். இந்த அளக்குற வேலையை யாராச்சும் கண் பார்வைல குத்துமதிப்பா செஞ்சா தயவுசெஞ்சு நிறுத்திக் கேளுங்க, தினமும் ஒரு விரல் அகலம் அங்க இங்க நகர்ந்தா வேற இடத்துக்கு வைத்தியம் பண்ணிக்கிட்டு இருப்போம்.

அன்னைக்குத் தலைல எண்ணெய் இருந்ததால மெஷின்ல காட்டுற மின்தடை அளவு இறங்கவே இல்ல. எண்ணெயோ ஜெல்லோ ஸ்ப்ரேயோ இருந்தா கரண்ட் தோலுக்கு ஒழுங்கா போகாது, முதல் நாள் ராத்திரியே வெறும் ஷாம்பு போட்டுக் குளிச்சுட்டு நல்லா காய வச்சுட்டுப் போங்க. அடர்த்தியான முடி இருந்தா வகிடு எடுத்து தோல் தெரியற மாதிரி பிரிச்சு விடச் சொல்லுங்க. அதே சமயம் ஸ்பாஞ்ச்ல தண்ணி சொட்டவும் கூடாது, சொட்டினா முடியெல்லாம் ஈரமாகி கரண்ட் தன் இஷ்டத்துக்குப் பரவிடும். ஈரமா இருக்கணும் ஆனா வழியக் கூடாது, அதுதான் பதம்.

கரண்ட் ஒரேயடியா வராது, சுமார் 30 செகண்ட்ல மெதுவா ஏத்துவாங்க. முதல்ல எறும்பு ஊர்ற மாதிரி, அப்புறம் சுருக்கு சுருக்குன்னு ஊசி நுனியால தொடுற மாதிரி, நெத்தில லேசா அரிப்பு, ரெண்டு மூணு நிமிஷத்துல அது பழகி மறந்தே போயிடும். முடிச்சு எடுத்ததும் நெத்தி சிவந்திருக்கும், ஒரு மணி நேரத்துல சரியாயிடும். சில நாள் லேசான தலைவலி, சில நாள் தூக்கம் தூக்கமா வரும். நாலாவது நாள் பட்டை நழுவி ஸ்பாஞ்ச் படக்குன்னு விலகினப்போ கண்ணுக்குள்ள பளிச்சுன்னு ஒரு வெளிச்சம் அடிச்சுது, நான் பயந்து கத்திட்டேன், அம்மா எழுந்து நின்னுட்டாங்க. கரண்ட் திடீர்னு நின்னா கண்ணோட விழித்திரை அப்படிக் காட்டும், ஆபத்து இல்லைன்னு விளக்கினாங்க, ஆனா முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லி வச்சிருந்தா அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

எட்டாவது நாள்தான் உண்மையான பிரச்சனை நடந்துச்சு. அன்னைக்குக் கூட்டம், வேற ஒருத்தர் வந்து கட்டி விட்டுட்டு அடுத்த ரூமுக்குப் போயிட்டாரு. ஸ்பாஞ்ச் ஒரு ஓரம் காய்ஞ்சிருக்கு போல. பத்து நிமிஷம் ஆனதுக்கு அப்புறம் நெத்தில ஒரே ஒரு புள்ளில மட்டும் சூடு வச்ச மாதிரி எரிஞ்சுது. நான் என்ன பண்ணேன் தெரியுமா, வலியோட வாழ்ந்து பழகினவ, இதெல்லாம் ஒரு வலியான்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு 20 நிமிஷம் முடிச்சேன். எடுத்துப் பார்த்தா பட்டாணி அளவுக்குத் தோல் வெந்து போயிருந்துச்சு, ஆறுறதுக்கு ரெண்டு வாரம் ஆச்சு, இன்னும் லேசா தழும்பு இருக்கு. நாள்பட்ட வலி இருக்குறவங்க எல்லாரும் இதை மனசுல வச்சுக்கணும்னு கெஞ்சிக் கேக்குறேன், நமக்குப் பொறுத்துக்கிற பழக்கம் அதிகம், இங்க அந்தப் பழக்கம் நமக்கு எதிரி. ஸ்பாஞ்ச் முழுக்கப் பரவலா சுருக்குன்னு இருந்தா சரி, ஒரே இடத்துல குவிஞ்சு எரிஞ்சா உடனே நிறுத்தச் சொல்லணும். குழாய்த் தண்ணி ஊத்தி நனைக்கவும் விடாதீங்க, அதுல கரண்ட் சீரா போகாது, தோல் வேகுறதுக்கு அதுவும் ஒரு காரணம், உப்புக் கரைசல்தான் வேணும். புண்ணு, பரு, புதுசா ஷேவ் பண்ணின கீறல் இருக்குற இடத்துல வைக்கவும் கூடாது. அந்தப் புண்ணுனால எனக்கு ரெண்டு நாள் இடைவெளி விட்டு, மைனஸ் ஸ்பாஞ்ச்சைக் கொஞ்சம் தள்ளி வச்சு மிச்ச ரெண்டு செஷனை முடிச்சாங்க.

பலன் என்னன்னு கேப்பீங்க. முதல் அஞ்சு நாள் ஒண்ணுமே இல்ல. நிஜமாவே ஒண்ணுமில்ல, வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து கணவர்கிட்ட இதுவும் போச்சுன்னு சொன்னேன். ஆறாவது செஷன் முடிஞ்ச ராத்திரி நடுவுல எழுந்திருக்காம அஞ்சரை மணி நேரம் தூங்கினேன், எனக்கு அது எப்போ கடைசியா நடந்துச்சுன்னு ஞாபகமே இல்ல. வலி குறைஞ்சுதுன்னு சொல்றதை விட, வலிக்கும் எனக்கும் நடுவுல ஒரு துணி விரிச்ச மாதிரி இருந்துச்சு, இருக்கு ஆனா நேரா உரசல. பத்து செஷன் முடிஞ்ச வாரத்துல சராசரி 5.2. டாக்டர் கால்குலேட்டர்ல போட்டுப் பார்த்து 27 சதவீதம்னாரு, ஆராய்ச்சில 30 சதவீதம் குறைஞ்சாத்தான் நோயாளிக்கு நிஜமா அர்த்தமுள்ள மாற்றம்னு எடுத்துப்பாங்களாம், அந்தக் கணக்குல நான் பாஸ் ஆகல. ஆனா நோட்டுல நாலாவது கட்டம் இருக்கே, அதைப் புரட்டினப்போ அந்த வாரம் அஞ்சு நாள்ல மூணு நாள் காலியா இருந்துச்சு. செய்யாம விட்ட வேலைன்னு எழுத ஒண்ணும் இல்ல. போர்டுல மேல் வரி வரைக்கும் கையைத் தூக்கி எழுதினேன் அந்த வாரம். டாக்டரும் அதைப் படிச்சுட்டு, அப்போ நிறுத்த வேண்டாம், பார்ப்போம்னு சொன்னாரு.

அப்புறம் நான் செஞ்சதுதான் தப்பு. உடம்பு கொஞ்சம் இடம் கொடுத்ததும், ஏழு வருஷமா சேர்த்து வச்ச வேலை எல்லாத்தையும் ஒரே வாரத்துல முடிச்சுடணும்னு இறங்கிட்டேன். பீரோ காலி பண்றது, திரைச்சீலை தோய்க்கிறது, தங்கச்சி வீட்டு விசேஷத்துக்கு முந்தின நாளே போய் நின்னு வேலை செய்யறது. மூணாவது நாள் விழுந்தேன், ஒன்பது மார்க் வலி, நாலு நாள் படுக்கை. அப்படியே ஏறி இறங்கி ஒரு மாசம் கழிச்சு சராசரி 6.3-க்கு வந்து நின்னுச்சு. கரண்டோட வேலை தேய்ஞ்சு போச்சா, நான் கெடுத்தேனா, ரெண்டும் சேர்ந்தான்னு பிரிச்சு சொல்ல முடியல. பிசியோதெரபிஸ்ட் அம்மாதான் அழகா சொன்னாங்க, கரண்ட் உங்களுக்கு வலியை எடுக்கல, நடந்து பழகறதுக்கு ஒரு இடைவெளி வாங்கிக் கொடுத்துச்சு, அந்த இடைவெளில என்ன செய்யறோம்ங்குறதை நாம முன்னாடியே முடிவு பண்ணி வச்சிருக்கணும்னு.

இங்க ஆராய்ச்சி நிலவரத்தையும் மறைக்காம சொல்லிடணும், ஏன்னா இதை நம்பி யாராச்சும் கடன் வாங்கிட்டுப் போய் நிக்கக் கூடாது. 2018-ல, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுற காக்ரேன் அமைப்பு இந்த மாதிரி மூளைத் தூண்டல் முறைகள் எல்லாத்தையும் சேர்த்து 94 ஆய்வு, 2983 பேரைக் கணக்குல எடுத்துப் பார்த்துச்சு. டிடிசிஎஸ்-க்கு குறுகிய காலத்துல வலில கொஞ்சம் பலன் இருக்கலாம், ஆனா ஆதாரத்தோட தரம் குறைவு, நிறைய ஆய்வுகள் சின்னதுன்னுதான் சொல்லிச்சு. 2015-ல வெளியான ஒரு ஆய்வுல நாள்பட்ட கீழ்முதுகு வலி இருந்த 135 பேருக்கு அஞ்சு நாள் வச்சுப் பார்த்ததுல, நிஜக் கரண்ட் வச்சவங்களுக்கும் போலிக் கரண்ட் வச்சவங்களுக்கும் வித்தியாசமே இல்ல. ஆக எல்லா வலிக்கும் ஒரே மாதிரி இல்ல. 2017-ல ஐரோப்பிய நிபுணர்கள் குழு போட்ட வழிகாட்டுதல்ல ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு மோட்டார் கார்டெக்ஸ்ல வைக்கிறதை அநேகமா பலன் உண்டுங்குற நிலைல வச்சிருக்காங்க, உறுதியான பலன்ங்குற முதல் நிலைல வைக்கல. நரம்புக் கோளாறால வர்ற வலிக்கு காந்த முறையான டிஎம்எஸ்-க்குத்தான் அந்த முதல் நிலை கொடுத்திருக்காங்க, அதனால உங்க வலி நரம்பு வலியா இருந்தா அதைப் பத்தியும் டாக்டர்கிட்ட கேளுங்க.

போலிக் கரண்ட்னு சொன்னேனே, அது என்னன்னு தெரிஞ்சப்போ எனக்கு ரெண்டு நாள் தூக்கம் போச்சு. ஆய்வுல பாதிப் பேருக்கு முதல் 30 செகண்ட் மட்டும் கரண்ட் விட்டுட்டு சத்தமில்லாம இறக்கிடுவாங்க, அந்த ஊசி குத்துற உணர்வு எப்படியும் சீக்கிரம் பழகிடும்ங்குறதால அவங்களுக்கு வித்தியாசம் தெரியாது. அவங்கள்லயும் நிறைய பேருக்கு வலி குறையுது. அப்போ எனக்குக் குறைஞ்சதும் அப்படித்தானா? டாக்டர்கிட்ட நேராவே கேட்டேன். அவர் மழுப்பல. உங்க ஒருத்தர் விஷயத்துல எனக்குத் தெரிய வழியே இல்லம்மா, ஒரு பகுதி எதிர்பார்ப்பால வந்திருக்கலாம், தினமும் ஒரு மனுஷன் உங்க வலியைக் கேட்டு எழுதிக்கிட்டதாலயும் வந்திருக்கலாம், ஆனா எதிர்பார்ப்பால குறையற வலியும் இதே மூளையோட வலி அமுக்குற பாதை வழியாத்தான் குறையுது, அது பொய் வலி நிவாரணம் கிடையாதுன்னு சொன்னாரு. இதை யோசிச்சு யோசிச்சு நான் சமாதானமானது ஒரு நடைமுறைக் காரணத்தாலதான், எந்த வழில வந்தா என்ன, செலவுக்கும் நேரத்துக்கும் தகுந்த மாதிரி என் நோட்டுல ஏதாச்சும் மாறுதான்னு மட்டும் பார்ப்போம், மாறலைன்னா விட்டுடுவோம்னு. பத்துப் பதினஞ்சு செஷன்ல நோட்டு அசையவே இல்லைன்னா இன்னும் இருபது போட்டா சரியாகும்னு யார் சொன்னாலும் நான் பணம் கட்ட மாட்டேன்.

நடுவுல எங்க சித்தி பையன், எலக்ட்ரானிக்ஸ்ல கெட்டிக்காரன், அக்கா இது ஒரு 9 வோல்ட் பேட்டரியும் ரெண்டு ஸ்பாஞ்ச்சும்தானே, நான் ஒரு வாரத்துல செஞ்சு தர்றேன், வீட்லயே தினமும் வச்சுக்கோன்னு வந்தான். பாசத்துல சொன்னான், எனக்கும் ஆசையா இருந்துச்சு, தினமும் போக வர ஒன்றரை மணி நேரம் மிச்சமாகுமே. ஆனா அப்போ ஒரு விஷயம் படிச்சிருந்தேன். 2016-ல இந்தத் துறை ஆராய்ச்சியாளர்களே சேர்ந்து, வீட்ல தானே செஞ்சுக்கிறவங்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினாங்க. அதுல சொன்னது பயமுறுத்தல் இல்ல, நிதானமான எச்சரிக்கை: கரண்ட் நாம வச்ச இடத்துல மட்டும் நிக்காது, மாற்றம் நாம நினைக்கிறதை விட நீண்ட நாள் இருக்கலாம், ஒரே அமைப்புக்கு ஆளுக்கு ஆள் பலன் மாறும்னு. இன்னொண்ணு, அதிகமா வச்சா அதிகப் பலன்ங்குற கணக்கே இங்க செல்லாது. 1 மில்லிஆம்பியர் வச்ச ஒரு ஆய்வுல 13 நிமிஷம் வச்சப்போ தூண்டல் கூடியிருக்கு, விடாம 26 நிமிஷம் வச்சப்போ தலைகீழா குறைஞ்சிருக்கு. மாத்திரைல ஒண்ணுக்கு ரெண்டா போடுற தப்பை விட இது குழப்பமானது. தம்பிகிட்ட இதைச் சொன்னேன், புரிஞ்சுக்கிட்டான். டாக்டர் அமைச்சுக் கொடுத்து, நேரமும் அளவும் பூட்டி வச்ச மெஷினை வீட்ல வச்சுக்கிறது வேற விஷயம், அந்த மாதிரி ஆய்வுகள் நடந்திருக்கு, வாய்ப்பு கிடைச்சா கேட்டுப் பாருங்க. பேட்டரியும் வயரும் மட்டும் வச்சு நாமளே பண்றது வேண்டவே வேண்டாம்.

பாதுகாப்பு பத்தி அம்மாவுக்கு நான் படிச்சுக் காட்டினது: 2016-ல வந்த ஒரு மதிப்பீட்டுல, 40 நிமிஷத்துக்கு மேல போகாம, 4 மில்லிஆம்பியருக்கு மேல போகாம முறையா செஞ்ச 33,200-க்கும் அதிகமான செஷன்களைச் சேர்த்துப் பார்த்ததுல கடுமையான பாதிப்போ நிரந்தர பாதிப்போ பதிவாகல. ஆனா அது முறையா செஞ்சதோட கணக்கு. தலைக்குள்ள உலோகத் தகடு, கிளிப், காது கேக்குறதுக்கு வச்ச காக்ளியர் இம்ப்ளான்ட், பேஸ்மேக்கர் இருக்குறவங்க, வலிப்பு வந்தவங்க, கர்ப்பமா இருக்குறவங்க இதையெல்லாம் கேக்குறதுக்கு முன்னாடியே சொல்லிடணும், பல இடத்துல அப்படிப்பட்டவங்களுக்கு செய்யவே மாட்டாங்க. மாத்திரை லிஸ்டும் முழுசா கொடுக்கணும். என் பக்கத்து சேர்ல உக்காந்த ஒரு அண்ணன் முக நரம்பு வலிக்குக் கார்பமசெபின் எடுத்துக்கிட்டு இருந்தாரு, அந்த மாத்திரை ப்ளஸ் பக்கத்துல வர வேண்டிய தூண்டலை அமுக்கிடும்னு ஆய்வுல பார்த்திருக்காங்க, அதனால அவருக்கு வேற திட்டம் யோசிச்சாங்க. அதைக் கேட்டுட்டு அவர் அன்னைக்கே மாத்திரையை நிறுத்திடறேன்னு கிளம்பினாரு, நர்ஸ் ஓடிப் போய்த் தடுத்தாங்க. தயவுசெஞ்சு யாரும் அப்படி செய்யாதீங்க, அந்த மாத்திரையைத் திடீர்னு நிறுத்துறது கரண்ட் வைக்கிறதை விடப் பல மடங்கு ஆபத்து.

ரெண்டாவது ரவுண்டு அஞ்சு மாசம் கழிச்சு எடுத்தேன். அதே 2 மில்லிஆம்பியர், அதே 20 நிமிஷம், அதே பத்து செஷன். மாத்தினது சுத்தி இருந்த விஷயங்களை. ஸ்கூல்ல சொல்லி ரெண்டு வாரம் அரை நாள் லீவு போட்டேன், போன தடவை வேலையும் பார்த்து ஓடியும் வந்து பாதிப் பலனை வழியிலயே தொலைச்சேன்னு நினைக்கிறேன். செஷன் முடிஞ்ச உடனே பிசியோ ரூம்ல நடை, முதல் நாள் 8 நிமிஷம், நல்லா இருந்தாலும் 8 தான், ரெண்டு நாளைக்கு ஒரு தடவை ஒரு நிமிஷம் மட்டும் கூட்டணும், கூட்ட ஆசையா இருக்குற நாள்லயும் கூட்டக் கூடாது, மோசமா இருக்குற நாள்லயும் பாதியாச்சும் நடக்கணும். இது கேக்க சின்ன விஷயம், செய்யறதுக்கு எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு, நல்ல நாள்ல சும்மா உக்காருறதுதான் மோசமான நாள்ல நடக்குறதை விடக் கஷ்டம். நெத்தி ஸ்பாஞ்ச்சை ஒவ்வொரு நாளும் நானே தொட்டுப் பார்த்துட்டுத்தான் கட்ட விட்டேன். பத்து நிமிஷத்துல ஒரு தடவை காய்ஞ்சிருக்கான்னு பார்க்கச் சொல்லிக் கேட்டேன், அவங்களும் முகம் சுளிக்காம செஞ்சாங்க.

முடிஞ்ச வாரம் சராசரி 4.6. நடை 13 நிமிஷம். டாக்டர் திரும்பக் கால்குலேட்டர் எடுத்தாரு, 35 சதவீதம். இப்போ அதுல இருந்து மூணு மாசம் ஆகுது, வலி 5.4-ல நிக்குது, ஏறி இருக்கு, ஆனா பழைய 7-க்குப் போகல. நடை 21 நிமிஷம், அது மட்டும் கூடிக்கிட்டே வருது. மாசம் ஒரு தடவை ரெண்டு செஷன் வச்சுப் பார்க்கலாமான்னு பேசிக்கிட்டு இருக்கோம், 6-க்கு மேல ஒரு வாரம் நின்னா வர்றேன்னு சொல்லியிருக்கேன். அம்மா இப்பெல்லாம் கூட வர்றதில்ல. ராத்திரி போன் பண்ணி, இன்னைக்கு நோட்டுல எவ்வளவு போட்டேன்னு மட்டும் கேப்பாங்க. நேத்து 5 போட்டேன், நாலாவது கட்டத்துல ஒரு கோடு.